கழிச்சலோடு வந்த முயல் குட்டி: தீவனத்தைத் திருத்திய ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் முயல் ஒரு வெள்ளைப் பெட்டைக் குட்டி. நியூசிலாந்து வெள்ளை இனத்தின் கலப்பு. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஒரு குடும்பம், மகள் ஆசைப்பட்டாள் என்று சந்தையில் ஜோடியாக வாங்கி வந்தது. ஜோடியில் ஒன்று மூன்றாம் நாள் விடிகாலையில் இறந்துவிட்டது. அன்று காலையே மற்றதை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, கால்நடை மருத்துவரான என்னிடம் கொண்டுவந்தார்கள். பாப்பா அதற்கு வைத்திருந்த பெயர் பஞ்சு.

நான் பார்ப்பது பெரும்பாலும் மாடும் ஆடும்தான். ஆனால் கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் முயல் குட்டிகளும் வர ஆரம்பிக்கும். வாங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, புகார் எல்லோருக்கும் ஒன்றுதான்: கழிச்சல். "இதுக்கு வயிறே சரியில்லீங்க, எதைக் குடுத்தாலும் ஒத்துக்கறதில்லை" என்பார்கள். எதை எதைக் கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். பஞ்சுவின் விஷயத்தை முழுதாக எழுத ஒரு காரணம் உண்டு. இதற்கு வயிறு கெட்டுவிட்டது என்று இரண்டு தடவை கொண்டுவந்தார்கள். முதல் தடவை வந்தது உயிரைக் குடிக்கும் கழிச்சல். இரண்டாம் தடவை வந்தது கழிச்சலே இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்து வைத்தியம் பார்த்தால் குட்டி தேறாது. அப்படித் தேறாமல் போன குட்டிகளைப் பார்த்திருக்கிறேன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வந்த அன்று

எடை 480 கிராம். விற்றவர் 'ரெண்டு மாசக் குட்டி' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். இந்தக் கலப்பில் இரண்டு மாதக் குட்டி என்றால் இதைப்போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். உடம்புக்குத் தலை பெரிதாகத் தெரிந்ததையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து வாரம்தான் இருக்கும் என்று கணித்தேன். அந்த வயதுக் குட்டி தாயிடமே இருந்திருக்க வேண்டும்.

குட்டி முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. முயல் இப்படிக் கடித்தால் வலி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வயிறு உப்பியிருந்தது. காதைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. உடல் வெப்பம் 37.6 டிகிரி செல்சியஸ். முயலுக்கு 38.5-இல் இருந்து 40 வரை இருப்பதுதான் இயல்பு. குட்டியின் சூடு இறங்குவது காய்ச்சலைவிட ஆபத்தான அறிகுறி. பின்பக்க ரோமம் முழுக்க நனைந்து பிசுபிசுத்திருந்தது. பெட்டியில் விரித்திருந்த செய்தித்தாளில் நீரும் சளியும்தான் இருந்தன. உருண்டையாக ஒரு புழுக்கைகூட இல்லை. இந்தக் கடைசிக் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

என்ன தின்றது என்று கேட்டேன். சந்தைக் கூண்டில் கோதுமைத் தவிடும் முட்டைக்கோஸின் வெளி இலையும் கிடந்ததைப் பார்த்ததாக அப்பா சொன்னார். வீட்டுக்கு வந்த அன்று கேரட், அப்புறம் பாலில் நனைத்த பிரட். மறுநாள் இளக ஆரம்பித்ததும் அம்மிச்சி (பாப்பாவின் அம்மாவைப் பெற்றவர்), குழந்தைகளுக்குச் செய்வதுபோல் தயிர் சாதத்தைக் கரைத்து ஊட்டியிருக்கிறார். புல் என்று எதுவும் உள்ளே போகவில்லை. பாப்பாவுக்கு வாங்கி மிச்சமிருந்த அமாக்சிசிலின் சிரப்பைக் கொடுக்கலாமா என்று ஒரு பேச்சு வந்து, பயமாக இருந்ததால் விட்டுவிட்டார்களாம். அந்தப் பயம்தான் பஞ்சுவைக் காப்பாற்றிய முதல் காரியம்.

அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவற்றை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அவை அழித்துவிடும்; அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் வகை பாக்டீரியா பெருகி நஞ்சை உண்டாக்கும். மனிதக் குழந்தைக்கு நாள்தோறும் எழுதித்தரும் மருந்து, முயல் குட்டியைச் சில நாளில் கொன்றுவிடக்கூடும். கழிச்சலை நிறுத்த நாம் போடும் மாத்திரைகளும் அப்படித்தான். குடலின் அசைவையே அவை நிறுத்திவிடுவதால் நஞ்சு உள்ளேயே தங்கிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி ஊற்றுகிற பழக்கம் முயல் விஷயத்தில் வேண்டவே வேண்டாம்.

இந்த வயதில் வயிறு ஏன் இப்படி

முயல் புல் தின்னும் பிராணி, ஆனால் மாடுபோல் அசைபோடுவதில்லை. அதற்கு நொதித்தல் நடக்கும் இடம் குடலின் பின்பகுதியில் இருக்கும் குருட்டுக்குடல். நமக்குச் சுண்டுவிரல் அளவு குடல்வால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த இடத்தில் முயலுக்கு வயிற்றையே நிறைக்கும் ஒரு பெரிய பை இருக்கிறது. எங்கள் ஊர்த் தோட்டத்து வீடுகளில் இருக்கும் சாண எரிவாயுத் தொட்டிபோல் அதை நினைத்துக்கொள்ளலாம். தினமும் ஒரே சரக்கை, ஒரே அளவில் போட்டால் ஒழுங்காக வேலை செய்யும். திடீரென்று மாவும் சர்க்கரையுமாகக் கொட்டினால் நுரைத்துப் பொங்கிக் கெட்டுப்போகும்.

தின்ற புல் பெருங்குடலுக்கு வந்ததும் அங்கே ஒரு பிரிப்பு வேலை நடக்கிறது. முரட்டு நார் உருண்டைப் புழுக்கையாக வெளியே தள்ளப்படுகிறது. நுண்ணிய துகளும் சாறும் பின்னோக்கிக் குருட்டுக்குடலுக்குப் போய் நொதிக்கின்றன. நொதித்த பிறகு அது சளிப்படலம் போர்த்திய, மென்மையான, திராட்சைக் கொத்துபோன்ற எச்சமாக வரும். முயல் குனிந்து ஆசனவாயிலிருந்தே அதை நேராக வாயில் எடுத்து விழுங்கிவிடும். பி வைட்டமின்கள், கே வைட்டமின், புரதத்தில் ஒரு பங்கு எல்லாம் அதற்கு இந்த வழியில்தான் கிடைக்கின்றன. பெரும்பாலும் இரவிலும் விடிகாலையிலும் நடப்பதால் வளர்ப்பவர்கள் இதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். இந்தப் பிரிப்பு வேலை ஓட, செரிக்காத முரட்டு நார் வேண்டும். நார் குறைந்தால் குடல் அசைவு மந்தமாகும்; மாவுச்சத்து கூடினால் குருட்டுக்குடலின் நுண்ணுயிர்ச் சமநிலை சரியும். வளர்ந்த முயலுக்கே இது ஆபத்து. குட்டிக்கு இரட்டிப்பு ஆபத்து.

வளர்ந்த முயலின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது, அமில அளவு (pH) 1 முதல் 2 வரை; இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும். பெரும்பாலான கிருமி அதைத் தாண்டி உயிரோடு கீழே போகாது. பால்குடிக் குட்டிக்கு அந்த அமிலம் இன்னும் வரவில்லை, அளவு 5-க்கும் மேலேயே நிற்கும். அந்தக் காலத்தில் காவல் காப்பது தாய்ப்பாலிலிருந்து உருவாகும், கிருமியைத் தடுக்கும் கொழுப்பு அமிலங்கள். தாய் முயல் ஒரு நாளில் ஒருமுறை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும், அது போதும். நான்கு ஐந்து வாரத்தில் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டால் பாலின் காவலும் போய்விடுகிறது, அமிலத்தின் காவலும் வந்திருப்பதில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிகளும் அந்த வயதில் குறைவு. செரிக்காத மாவு அப்படியே குருட்டுக்குடலில் இறங்கும். பிரட்டும் சோறும் தவிடும் போன இடம் அதுதான்.

தயிர் கொடுத்த அம்மிச்சியைக் குறை சொல்ல எதுவும் இல்லை, மனுஷ வயிற்றுக்கு அது நல்ல வைத்தியம். முயலின் குருட்டுக்குடலில் ஆதிக்கம் செலுத்துபவை வேறு வகை நுண்ணுயிர்கள். தயிரில் இருக்கும் வகைக்கு அங்கே இடம் மிகக் குறைவு. பாலின் சர்க்கரைதான் மிச்சம், அது கெடுதல்.

மைக்ரோஸ்கோப்பில்

செய்தித்தாளில் இருந்ததைச் சுரண்டி உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுப் பார்த்தேன். காக்சிடியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியின் முட்டைகள் ஒவ்வொரு பார்வைப் பரப்பிலும் கூட்டமாகத் தெரிந்தன. கோழி வளர்ப்பவர்கள் ரத்தக் கழிச்சல் என்று சொல்லும் நோய்க்குக் காரணமான கூட்டத்தின் முயல் வகை இது. கோழியிடமிருந்து முயலுக்கு வராது, முயலிடமிருந்துதான் வரும். நலமாக இருக்கும் குட்டிகளிடமும் கொஞ்சம் இருக்கும். நெருக்கமான கூண்டு, ஈரம், பிரிவு, பயணம், தீவன மாற்றம் எல்லாம் சேரும்போதுதான் மேலோங்கும். ஆகவே காக்சிடியாவா தீவனமா என்று பிரித்துப் பேசுவதில் பயனில்லை. ஒன்று குடல் சுவரைப் புண்ணாக்கியது, மற்றது அந்தப் புண்மேல் நொதித்தது. இரண்டையும் ஒரே சமயத்தில் திருத்த வேண்டியிருந்தது.

முதல் வாரம்

முதலில் சூடு. துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை இரு பக்கமும் வைத்தோம். உடம்பு ஜில்லிட்டிருக்கும் குட்டிக்கு வாயில் எதையும் ஊட்டக் கூடாது, குடல் ஓடாது. சூடு 38-ஐத் தாண்டிய பிறகு, வெதுவெதுப்பாக்கிய ரிங்கர் லாக்டேட் (நீரிழப்புக்குப் போடும் உப்புக் கரைசல்) 25 மில்லி தோலுக்கடியில் போட்டேன். காக்சிடியாவுக்குச் சல்ஃபா வகை மருந்து, கிளாஸ்ட்ரிடியம் சந்தேகத்துக்கு மெட்ரோனிடசோல். மருந்தின் அளவை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. அரைக் கிலோ குட்டிக்கு ஒரு துளி கூடினாலும் கெடுதல், அதை எடை போட்டுப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மாலையில் வயிற்று உப்பல் கொஞ்சம் இறங்கியது. காதை வைத்துக் கேட்டால் குடல் ஓசையும் வந்தது. அதன் பிறகுதான் ஊட்ட ஆரம்பித்தோம். நோயுற்ற முயலுக்கென்று வெளிநாட்டில் செய்து விற்கும் நார்ப்பொடி இங்கே உடனே கிடைப்பதில்லை. காய்ந்த புல்லை மிக்ஸியில் பொடியாக்கிச் சலித்து, வெதுவெதுப்பான நீரில் கூழாகக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் வாயோரமாக, ஒரு வேளைக்கு 4, 5 மில்லி. நேராகத் தொண்டையில் அடித்தால் நுரையீரலுக்குப் போய்விடும். முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் பக்கவாட்டில் நுழைத்து, ஒவ்வொரு துளியாக விட்டு, மென்று விழுங்க விட வேண்டும். பாப்பாவின் அம்மா இதை நான் காட்டியதைவிட நன்றாகவே செய்தார். ஷிஃப்ட் முடிந்து வந்த பிறகு இரவெல்லாம் எழுந்து எழுந்து ஊட்டியிருக்கிறார்.

பின்பக்கத்தைக் குளிப்பாட்டக் கூடாது என்று தனியாகச் சொல்லி அனுப்பினேன். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர்த்தினால் போதும். ஆனால் துடைப்பதை ஒரு நாள்கூட விடக் கூடாது. நம் ஊர் வெயிலில் அழுக்கான ரோமத்தில் ஈ மொய்த்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். கழிச்சலில் பிழைத்த குட்டியைப் புழு தின்றுவிடும்.

கூண்டையும் தினமும் சுத்தம் செய்யச் சொன்னேன். காக்சிடியா முட்டை வெளியே வந்தவுடன் தொற்றாது. வெப்பமும் ஈரமும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளுக்குள் முதிர்ந்து, அதன் பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். அதற்குள் பெருக்கி எடுத்துவிட்டால் சுழற்சி அறுந்துவிடும். பினாயில் அதை ஒன்றும் செய்யாது. கொதிக்கும் நீரை ஊற்றி, நல்ல வெயிலில் காயப்போடுவதே வழி.

மூன்றாம் நாள் எடை 450-க்கு இறங்கியது. நீர் இறங்கியதால் வந்த குறைவு. அன்று மாலை, வாயருகே நீட்டிய ஒரு அருகம்புல்லைத் தானாகவே இழுத்துத் தின்றது. மறுநாள் காலை கூண்டில் ஆறேழு புழுக்கைகள் கிடந்தன. சிறியவை, கறுத்தவை, கொஞ்சம் நசுங்கியவை, ஆனால் புழுக்கைகள். போனில் படம் அனுப்பினார்கள். அதைவிட நல்ல செய்தி வேறில்லை.

புல் எங்கிருந்து

மருந்து ஒரு வாரத்தில் முடிந்தது. வேலை அதன் பிறகுதான். முயலுக்கு உணவில் பெரும்பகுதி காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். நாள் முழுக்கத் தட்டில் இருக்க வேண்டும், தீரக் கூடாது. வெளிநாட்டுக் குறிப்பைப் படித்தால் எல்லோரும் திமோத்தி புல் என்கிறார்கள். அது குளிர்நாட்டுப் புல். இங்கே பாக்கெட்டில் வரும், விலையைப் பார்த்து வாங்குகிறவர்கள் அதைப் பிசுக்கிப் பிசுக்கிக் கொடுக்கிறார்கள், மீதி வயிற்றைக் கேரட்டாலும் பிஸ்கட்டாலும் நிரப்புகிறார்கள். அதற்கு நம் புல்லையே தாராளமாகக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் இயல்பாக வளரும் கொழுக்கட்டைப் புல் இதற்கு நல்லது. காங்கேயம் மாடுகளை வளர்த்த மேய்ச்சல் நிலம் அது. முள்கிளுவை வேலிக்குள் வெள்வேல மரமும் இந்தப் புல்லுமாக இருக்கும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு புல் செழித்திருக்கும்போது, கதிர் முற்றுவதற்கு முன் அறுத்து, நிழலில் மெல்லிய படலமாகப் பரப்பி உலர்த்த வேண்டும். நல்ல வெயிலில் போட்டால் பச்சை வெளுத்து வாசனை போய்விடும். கையில் எடுத்து மடித்தால் தண்டு 'பட்'டென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை வாடை அடிக்கும் புல்லை மாட்டுக்குப் போட்டாலும் போடுங்கள் என்று சிலர் சொல்வார்கள், அதுவே தவறு, முயலுக்கோ நஞ்சு. பருத்திக் காட்டு வரப்பிலும் மருந்தடிக்கும் தோட்டத்து ஓரத்திலும் அறுத்ததை எடுக்கக் கூடாது. குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவரின் கொறங்காட்டில் இருந்து ஒரு சாக்கு வாங்கி வந்தார்கள். அந்த ஒரு சாக்கு பல வாரம் வந்தது.

வைக்கோல் போதாதா என்று கேட்டார்கள். போதாது. வைக்கோலில் சிலிக்கா அதிகம், சத்து மிகக் குறைவு. படுக்கைக்கு விரிக்கலாம், கொறித்தால் கெடுதல் இல்லை, உணவாக நம்ப முடியாது.

வளரும் குட்டிக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கூடுதலாக வேண்டும். அதற்குக் குதிரைமசால் என்ற பயறுவகைத் தீவனப்பயிரைக் காயவைத்து, தினமும் பாப்பாவின் கையில் ஒரு பிடி. ஆறு மாதம் வரைதான். பிறகும் தொடர்ந்தால் சிறுநீரில் சுண்ணாம்பு படியும். அடர்தீவனம் முதல் பத்து நாள் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

அடர்தீவனம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் முயல் தீவனம் பற்றிக் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் பண்ணைக்கு எழுதியவை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கும் மத்திய ஆராய்ச்சி மையமும், நீலகிரியில் சாந்திநல்லாவில் இருக்கும் கால்நடைப் பல்கலைக்கழக நிலையமும் முயல் வளர்ப்புக்கு எவ்வளவோ செய்திருக்கின்றன. அவர்கள் சொல்வது இறைச்சிக்கு வளர்ப்பவருக்கு. மக்காச்சோளம், கம்பு, கடலைப் புண்ணாக்கு, தவிடு கலந்த தீவனத்தை மூன்று மாதத்தில் எடை ஏறுவதற்காகப் போடுகிறார்கள், அந்த நோக்கத்துக்கு அது சரி. எட்டு, பத்து வருடம் வாழ வேண்டிய வீட்டு முயலுக்கு, அதிலும் ஒருமுறை குடல் புண்ணான குட்டிக்கு, அதே கணக்கைப் போடக் கூடாது. பண்ணை மூட்டையைப் பிரித்து ஒரு கிலோ இரண்டு கிலோவாகக் கட்டி, செல்லப் பிராணிக் கடையில் விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. குச்சித் தீவனம் (பெல்லட்) வாங்கினால் பையில் நார்ச்சத்து எவ்வளவு என்று பார்த்து, 18 விழுக்காட்டுக்குக் குறைந்ததைத் தவிர்த்துவிடுங்கள். வண்ண வண்ணத் துண்டும் விதையும் கலந்தது வேண்டாம். முயல் இனிப்பாக இருப்பதை மட்டும் பொறுக்கித் தின்னும்.

கீரையை ஒவ்வொன்றாக

மூன்றாம் வாரத்தில், புழுக்கை ஒரே அளவாக, பழுப்பாக, உடைத்தால் உள்ளே புல் துணுக்கு தெரியும்படி வர ஆரம்பித்ததும், பச்சையைச் சேர்க்கலாம் என்றேன். ஒரு சமயத்தில் ஒரே கீரை, முதல் நாள் இரண்டு இலை. மறுநாளும் மூன்றாம் நாளும் புழுக்கையைப் பார். மாறவில்லை என்றால் கூட்டு. மாறினால் நிறுத்து, இரண்டு வாரம் அந்தப் பெயரையே எடுக்காதே. பாப்பா இதை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள். தேதி, கீரையின் பெயர், எத்தனை இலை, பக்கத்தில் புழுக்கையின் படம். பெரிதென்றால் பெரிய வட்டம், சின்னதென்றால் சின்ன வட்டம், கோத்துக்கொண்டு வந்தால் மாலைபோல். பல மருத்துவக் குறிப்புகளைவிட எனக்கு உதவிய நோட்டு அது.

கொத்தமல்லித் தழை ஒத்துக்கொண்டது. புதினாவும். அருகம்புல் முதல் நாளிலிருந்தே பிரச்சினை இல்லை. முள்ளங்கி இலை ஒத்துக்கொண்டது, கொஞ்சமாக. முட்டைக்கோஸ் ஒரு இலைத் துண்டிலேயே வயிற்றை உப்ப வைத்தது. பல முயல்கள் அதைத் தாங்கும். பஞ்சு தாங்கவில்லை, பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். பாலக்கீரையை நானே வேண்டாம் என்றேன், ஆக்சலேட் அதிகம். வெங்காயம், பூண்டு, தக்காளிச் செடியின் இலை, உருளைக்கிழங்குத் தோல், எருக்கு, அரளி எதுவும் எந்த முயலுக்கும் கிட்டப் போகக் கூடாது. கேரட் கிழங்கு இனிப்புப் பண்டம், வாரத்தில் ஒரு சின்னத் துண்டு. அதன் தழை நல்ல தீவனம். உழவர் சந்தையில் அதைக் கிள்ளிக் குப்பையில் போடுகிறார்கள், கேட்டால் சும்மாவே தருவார்கள்.

மறுபடியும்

குட்டி எட்டு வாரத்தைத் தாண்டி, எடை முக்கால் கிலோவுக்கு மேல் ஏறியிருந்த சமயம். ஒரு காலையில் பாப்பாவின் அம்மா போன் செய்தார். "டாக்டருங்க, மறுக்கா கழிச்சலாயிருச்சுங்க. பின்னாடியெல்லாம் ஒட்டிக் கெடக்குதுங்க. பழைய மருந்து மிச்சம் இருக்குது, குடுத்தரட்டுங்களா?"

கொடுக்காதீங்கம்மா, கூண்டைப் படமெடுத்து அனுப்புங்க என்றேன். கூண்டின் ஒரு மூலையில் கறுப்பாக, பளபளப்பாக, கொத்துக் கொத்தாக நசுங்கிய எச்சம். நாற்றம் தாங்கவில்லை என்றார். ஆனால் அதே படத்தில், தட்டுக்குப் பக்கத்தில், உலர்ந்த உருண்டைப் புழுக்கைகள் நிறைய. குட்டி என்ன செய்கிறது என்று கேட்டேன். புல்லைத் தின்றுகொண்டு, துள்ளிக்கொண்டு இருக்கிறதாம்.

முதல் நாள் செய்தித்தாளில் இல்லாதது இங்கே இருந்தது. குடல் நோயால் வரும் கழிச்சலில் உருண்டைப் புழுக்கை நின்றுபோகும், குட்டி சுருண்டு படுக்கும். இங்கே உருண்டையும் வருகிறது, கூடவே மென்மையானதும் கிடக்கிறது, குட்டி சுறுசுறுப்பாக இருக்கிறது. அப்படியானால் அந்த மென்மையானது, அது விழுங்கியிருக்க வேண்டிய இரவு எச்சம். விழுங்காமல் விட்டிருக்கிறது. ஏன் விட்டது? உணவிலேயே சத்து வழிகிறது, அதற்கு வேண்டியிருக்கவில்லை.

நோட்டைப் பிரித்துப் படிக்கச் சொன்னேன். குட்டி இளைத்துவிட்டதே என்ற கவலையில் குச்சித் தீவனத்தை நான் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு போட்டிருக்கிறார்கள். குதிரைமசாலும் இரண்டு பிடியாகியிருக்கிறது. முந்தின வாரம் முருங்கைக் கீரை வேறு புதிதாகச் சேர்ந்திருக்கிறது. நல்ல கீரைதான், ஆனால் புரதம் மிகுந்தது. இவ்வளவும் தின்ற வயிற்றில் புல்லுக்கு இடம் குறைந்துபோயிருக்கிறது.

இந்த இடத்தில்தான் பல குட்டிகளுக்கு வைத்தியம் திசை மாறும். கழிச்சல் என்று முடிவு கட்டி, பச்சையையெல்லாம் நிறுத்தி, 'வயித்துக்கு லேசா' என்று பிரட்டும் அவலும் கொடுப்பார்கள். நார் இன்னும் குறையும், மென் எச்சம் இன்னும் கூடும், பத்து நாளில் நிஜமான கழிச்சலாகவே அது மாறிவிடும். பஞ்சுவுக்கு மருந்து எதுவும் தரவில்லை. மல மாதிரியை மட்டும் வாங்கிப் பார்த்தேன், காக்சிடியா முட்டைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. குச்சித் தீவனம் ஒரு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி, தலைதட்டி. குதிரைமசால் பழையபடி ஒரு பிடி. முருங்கை நிறுத்தம். கொழுக்கட்டைப் புல் தட்டில் எப்போதும் குவியலாக. பின்பக்கம் தினமும் துடைத்துப் பார்க்க வேண்டும். நான்கைந்து நாளில் மூலையில் கிடந்தது குறைந்து, ஒரு வாரத்துக்குள் நின்றுவிட்டது. எடை இறங்கவில்லை.

தீவனம் வைக்கும் நேரத்தையும் அப்போது மாற்றினோம். முயல் அந்தியிலும் விடியலிலும்தான் மும்முரமாகத் தின்னும். பகலில் தகரக் கூரை வீட்டின் வெப்பம் 35-ஐத் தாண்டும்; முயலுக்கு 30-ஐத் தாண்டினாலே சிரமம், தின்பதைக் குறைத்துவிடும், தின்னாவிட்டால் குடல் நின்றுபோகும். எனவே கீரையும் குச்சித் தீவனமும் பொழுது சாய்ந்த பிறகு. பகலில் புல்லும் தண்ணீரும் மட்டும். கூண்டின் வெயில் பக்கம் நனைத்த சாக்கு தொங்கவிட்டு, உள்ளே ஃப்ரீசரில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றி வைக்கச் சொன்னேன். கூண்டில் தொங்கும் குழாய் பாட்டிலைவிடக் கனமான மண் சட்டியில் முயல் நன்றாகக் குடிக்கும். தண்ணீர் போதாமல்தான் பல குட்டிகளுக்குக் குடல் காய்கிறது. அரை நாளுக்கு மேல் எதையும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால், நடுராத்திரியாக இருந்தாலும் கூப்பிடச் சொல்லியிருந்தேன். அப்படி ஒருமுறையும் கூப்பிட நேரவில்லை.

வாங்குகிறவர்களுக்கு

அந்த இன்னொரு குட்டியை அவர்கள் புதைத்துவிட்டுத்தான் வந்தார்கள், அதனால் திறந்து பார்க்க வழியில்லை. ஒரே கூண்டு, ஒரே தீவனம், ஒரே அறிகுறி. வேறொன்றாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். சந்தையில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அது பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது: இது இதுவரை என்ன தின்றுகொண்டிருந்தது? அதையே ஒரு வாரத்துக்கு வாங்கிக்கொண்டு வந்து, அதோடு காய்ந்த புல்லைத் தாராளமாக வைத்து, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பத்து நாள் எடுத்து மாற்ற வேண்டும். பழைய தீவனம் மோசமானதாக இருந்தாலும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்கவே வேண்டாம். உள்ளங்கையில் அடங்குகிற குட்டிதான் அழகு என்று கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கும்வரை, விற்கிறவர்கள் சீக்கிரமாகவே பிரித்துக்கொண்டு வருவார்கள்.

இப்போதைய நிலை

பஞ்சுவுக்கு ஆறு மாதம் ஆகிறது, எடை 2.2 கிலோ. மல மாதிரி சுத்தமாக இருக்கிறது. முட்டைக்கோஸை இன்னொரு முறை, வளர்ந்துவிட்டதே என்று, துளி கொடுத்துப் பார்த்தார்கள். அன்று இரவே வயிறு உப்பியது, அத்தோடு விட்டாயிற்று. முருங்கை இப்போது வாரம் இருமுறை ஒரு சிறு ஈர்க்கு, பிரச்சினை இல்லை. குதிரைமசாலை நிறுத்தும் வேலை நடக்கிறது. வாரத்துக்குக் கால் பங்கு குறைத்து, அந்த இடத்தில் கொழுக்கட்டைப் புல்லையே கூட்டுகிறார்கள். அடுத்த முறை எடை பார்க்கும்போது எடை நின்றிருந்தாலோ ஏறியிருந்தாலோ மசாலை முழுதும் நிறுத்திவிடலாம். இறங்கியிருந்தால் இன்னும் ஒரு மாதம் அரைப் பிடி தொடரச் சொல்லியிருக்கிறேன்.